ஓட்டுகிறவருக்கான வண்டி

பிப்ரவரி 4

சின்னவனுக்கு,

என் கையெழுத்தை அடையாளம் கண்டும் உறையைப் பிரித்தாயே, அதுவே போதும். எப்படி இருக்கிறாய்? குளிர் தொடங்கினால் உனக்கு இடது காது அடைத்துக்கொள்ளுமே, இன்னும் உண்டா? நான் சுகம். வலது மணிக்கட்டு மட்டும் சாயங்காலம் ஆனால் வலிக்கிறது. ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி மேசையில் நிற்கிறேன். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் மேசைத்துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். மடித்து முடித்தால் அடுத்த மூட்டை.

விஷயம் இதுதான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். உன் மாமாவின் பள்ளியில் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அம்மா நடத்துகிற பள்ளியில். நவம்பரில் லைசென்ஸ் வந்தது, முதல் தடவையிலேயே.

இப்போது கார் வாங்கப் போகிறேன். நீளத்தில் சின்னது, ஆனால் சாதாரணக் காரைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும், தெருவுக்குத் தெரு ஓடுகிறதே, அந்த வகை. மூன்று வண்டிகள் மனதில் இருக்கின்றன. பேரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று நீ விற்கிற வண்டி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நல்லது கெட்டது எழுது. வியாபாரி மாதிரி இல்லை, தம்பி மாதிரி.

போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் ஏழு வருஷத்தையும் பேச வேண்டி வரும். கடிதத்தில் காரைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளலாம். பதிலைச் சலவை நிலைய முகவரிக்கே போடு, வீட்டுக்கு வேண்டாம்.

காதில் பஞ்சு வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. காது இன்னும் அடைக்கிறது. அதை நினைவில் வைத்திருக்கிற ஒரே ஆள் நீதான். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மாமா எப்படிச் சம்மதித்தார்? ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கட்டிய மனைவி உன்னை மட்டும் ஸ்டீயரிங் பக்கம் அண்டவிடவில்லை. "இவளுக்குச் சோத்துக்கை எது பீச்சைக்கை எதுன்னே தெரியாது, இவ ஓட்டினா ஊரு தாங்குமா" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்வார். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அந்த மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்ததை நான் கேட்ட அன்று என் காலரைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "போயிடுடா" என்றாய். சரி, காரைப் பற்றி மட்டும்.

நீ எழுதிய முதல் வண்டிக்கு நாங்கள் ஷோரூமில் வைத்த பேர் மெத்தை. உட்கார்ந்தால் அமுங்கும், பள்ளத்தில் இறங்கினால் தாலாட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் யோசித்துவிட்டுத் திரும்பும். இரண்டாவது, அலமாரி. அழகு கிடையாது, ஆனால் ஒரு வீட்டையே காலி செய்து உள்ளே ஏற்றிவிடலாம். மூன்றாவது எங்கள் வண்டி. ஓட்டத் தெரிந்தவன் கையில் அது கையின் நீட்சி. வளைவில் போட்டால் வரைந்த கோட்டில் போகும். பத்திரிகைக்காரர்கள் ஓட்டிவிட்டுக் கொஞ்சி எழுதுவார்கள். எழுதிவிட்டு வீட்டுக்கு மெத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஏன் விற்பதில்லை என்று நானும் ஆறு வருஷமாக யோசிக்கிறேன். கார் வாங்க ஒரு குடும்பம் வருகிறது. நாலு பேர். ஓட்டுகிறவன் ஒருவன், உட்கார்ந்து வருகிறவர்கள் மூன்று பேர். எங்கள் கம்பெனி ஓட்டுகிறவனுக்காக மட்டும் வண்டி செய்கிறது. ஓட்டுகிறவனுக்கு ஒரே ஓட்டு. மூன்று ஓட்டில் தோற்றுவிடுகிறோம். அவனும் நாள் முழுக்க நெரிசலில் நிற்கிறவன்தான். வளைவுக்கு எங்கே போவான்?

மூன்று மாதமாக நான் ஒரு வண்டிகூட விற்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கடிகாரத்தையும் பார்க்கிறார். இருந்தாலும் தம்பியாகச் சொல்கிறேன், மெத்தையை வாங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 27

சின்னவனுக்கு,

கடிதம் கிடைத்தது. காது பரவாயில்லையா? ஒத்தடம் கொடுத்தேன், சுகமாக இருந்தது.

அந்த மூன்று ஓட்டுக் கணக்கைப் படித்துவிட்டு மேசையில் நின்றபடியே சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டாள்.

உன் கடிதத்தில் முன்சீட்டைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. பின்சீட்டைப் பற்றி எழுது. தரையிலிருந்து எத்தனை உயரம்? ஏறும்போது முதுகை எவ்வளவு வளைக்க வேண்டும்? கதவு எதுவரை திறக்கும்? உடைந்த ரோட்டில் போனால் பின்னால் இருக்கிறவருக்கு எப்படி இருக்கும்? முக்கியமாக, எதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாத ஒருவர் உட்கார்ந்தால்?

வாங்கிவிட்டு அப்புறம் தெரியாமல் போயிற்றே என்று சொல்லக்கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன். மூன்றில் எது அதிகம் தூக்கிப் போடும் என்று தெளிவாக எழுதிவிடு.

மாமா வீட்டில்தான் இருக்கிறார். நீ கேட்டாயே என்று எழுதுகிறேன்.

உடம்பு பத்திரம்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய், ஆனாலும் அதுதான் உண்மை.

நீ கேட்ட கேள்விகளை இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. எல்லோரும் மைலேஜ் கேட்பார்கள், நிறம் கேட்பார்கள். எனக்கே பதில் தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். எதிர்க்கடை விற்பனையாளன் என் சிநேகிதன். மூன்று வண்டிகளையும் ஏற்பாடு செய்து, சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குண்டும் குழியுமான தடத்துக்குப் போனோம். அவன் ஓட்டினான். நான் பின்சீட்டில், கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு கையை மடியில் போட்டுக்கொண்டேன், எதையும் பிடிக்கவில்லை.

மெத்தையில் கால் டம்ளர் சிந்தியது. அலமாரியில் அரை. எங்கள் வண்டியில் டம்ளரே கையை விட்டுப் போய்விட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இடுப்பில் ஒருவன் சுத்தியலால் விட்டு விட்டு அடிப்பது மாதிரி இருந்தது. வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். அந்த இறுக்கத்தையெல்லாம் பின்சீட்டுக்காரர்தான் தாங்க வேண்டும்.

உயரமும் அப்படித்தான். மெத்தையின் சீட் இடுப்பளவில் இருக்கிறது, அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். எங்கள் வண்டியில் நாலு விரற்கடை தாழ்வு. கூரை பின்பக்கம் சரிவதால் தலையைக் குனிந்து, முதுகை முறுக்கித்தான் உள்ளே போக வேண்டும். கதவும் முழுசாகத் திறக்காது.

முதுகுவலிக்காரரோ வயசானவரோ பின்னால் உட்காரப் போகிறார் என்றால் எங்கள் ஷோரூம் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. இதை மேனேஜர் படித்தால் இன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

யார் அக்கா பின்னால் உட்காரப் போவது?

மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

உன் தம்பி


ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது. சலவை நிலையத்தில் ஒரு கொதிகலன் நின்றுபோய் இரண்டு வாரம் இரட்டை வேலை.

உங்கள் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். அடர்நீலம். எங்களுக்குத் துணி போடுகிற ஓட்டல்காரர் அதைத்தான் வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டு ஒரு சுற்று ஓட்டினேன். பிறகு அவரை ஓட்டச் சொல்லிப் பின்சீட்டிலும் ஒரு சுற்று உட்கார்ந்து பார்த்தேன். நீ எழுதியதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. எத்தனை பேருக்கு இப்படி உண்மை சொல்கிற தம்பி இருக்கிறான்?

விற்பனை உன் பேரில் இருக்கட்டும். முழுத்தொகையும் வங்கி வழியாக வந்துவிடும். வண்டியை ஆள் வைத்து அனுப்பு. நீ வர வேண்டாம். அலைச்சல்.

காதைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் ஆர்டர் வந்த அன்று மேனேஜர் என் தோளில் கை போட்டார். ஐந்து மாதத்தில் முதல் தடவை. நீ ஏன் எங்கள் வண்டியை எடுத்தாய் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எனக்காகத்தான் வாங்கினாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வண்டி கொண்டுவந்த டிரைவர் நேற்றுத் திரும்பி வந்தான். "உங்க மாமா வாசல்ல சக்கர நாற்காலியில இருந்தாரு சார். அக்கா உடனே ஒரு சுத்து போகணும்னாங்க. ரெண்டு பேரா பிடிச்சுப் பின்னாடி ஏத்தினோம். தலையைக் குனிய வைக்கும்போது ஒரு சத்தம் போட்டாரு பாருங்க" என்றான்.

ஏன் அக்கா சொல்லவில்லை? எப்போது, என்ன ஆயிற்று? சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்தாவது மெத்தையை வாங்க வைத்திருப்பேனே.

இப்போதும் கெட்டுப்போகவில்லை. பழைய கார் வியாபாரி ஒருவரைத் தெரியும். அதிகம் ஓடாத வண்டி என்றால் நல்லபடியாக எடுத்துக்கொள்வார். மெத்தையை நானே ஓட்டிக்கொண்டு வந்து தருகிறேன். ஒரு வரி எழுது.

உன் தம்பி


மே 14

சின்னவனுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. மணிக்கட்டு வலிகூடக் குறைந்துவிட்டது. ஸ்டீயரிங் பிடிப்பது நல்ல பயிற்சி போலிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

கேட்டாயே, சொல்கிறேன். போன வருஷம் ஜூனில், பள்ளி மாடிப்படியில் இறங்கும்போது மூளையில் இரத்தக்குழாய் அடைத்து விழுந்தார். வலது கை, வலது கால் போயிற்று. நாக்கு புரளவில்லை. முதுகெலும்பில் மூன்று எலும்பு நொறுங்கி உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். புத்திக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. குலுங்கக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். பள்ளியையும் அதன் நாலு வண்டிகளையும் நான் விற்றுவிட்டேன். கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரலை வைத்தார்.

வாரம் மூன்று நாள் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். சுற்றுச்சாலையில் போனால் இருபத்தைந்து நிமிஷம். குவாரிப் பக்கம் ஒரு பழைய ரோடு இருக்கிறது, நாற்பது நிமிஷம். நான் அதில்தான் போகிறேன். கூட்டம் கிடையாது, புதிதாக ஓட்டுகிறவளுக்கு நல்லது.

சின்னவனே, உன் வண்டி என்ன வண்டி. ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரிகிறது. நான் நினைக்கிற இடத்தில் சக்கரம் போய் நிற்கிறது. உள்ளே இருக்கிற கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். பின்னால் ரோடு தெரியாது, முகம் தெரியும்.

உனக்கு இது தெரியாது. கல்யாணமாகி நாலாம் வருஷம், வழி பார்த்துச் சொல்லச் சொன்னார். ஒரு திருப்பத்தை நான் தவறவிட்டேன். வண்டியை நிறுத்தி, "இறங்கு, நடந்து வந்தாத்தான் வழி மனசுல நிக்கும்" என்றார். பதினோரு கிலோமீட்டர். அப்போது எனக்கு ஐந்தாம் மாசம். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதுவும் என் கவனக்குறைவு என்று எல்லோரிடமும் சொன்னார்.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் மாமா நலமும் அறிய ஆவல்.

கடிதம் படித்தேன். காரைப் பற்றி எழுதுகிறேன்.

சந்தோஷமான வாடிக்கையாளர் யாராவது எழுதியது இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டார். கையில் உன் கடிதம் இருந்தது. 'ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரிகிறது' என்ற வரியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, நுழைவாசலில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டார். 'ஓர் இல்லத்தரசி' என்று கீழே போட்டிருக்கிறது. வருகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள். இந்த மாதம் இரண்டு வண்டி விற்றேன்.

ஒரு சின்ன விஷயம். அந்தக் குவாரி ரோடு மாதிரி இடத்துக்குப் போகும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது. முப்பத்து மூன்று இருக்கும். முப்பதுக்குக் கொண்டுவா. வண்டி கொஞ்சம் மிருதுவாகப் போகும். வண்டிக்கு நல்லது. டயருக்கும் நல்லது.

வேறு ஒன்றும் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 18

சின்னவனுக்கு,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம்.

காற்று பார்த்தேன். முப்பத்து மூன்று இருந்தது. முப்பத்தெட்டு வைத்துவிட்டேன்.

பயிற்சி நிலையத்து அம்மா நல்ல மாதிரி. "வர்ற வழியிலயே இவர் துவண்டுடுறார், இறக்கும்போது சட்டையெல்லாம் வேர்வையா இருக்கு, நான் வேணும்னா வீட்டுக்கே வந்து செய்யறேனே" என்றாள். வீட்டில் இடம் பத்தாது என்று சொல்லிவிட்டேன். இடது கையால் எழுதப் பழக்குகிறாளாம். சிலேட்டுப் பலகை வாங்கிக் கொடுத்தேன்.

டயர் காற்றைப் பற்றி நீ ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா? நேராகக் கேட்க உனக்கு வாய் வரவில்லை. என் கையில் நீலத்தைப் பார்த்த அன்று நேராகக் கேட்டாய். அவர் தள்ளினார், போனாய். நான் போகச் சொன்னதால் போனாய், சரி. மறுநாள் வந்தாயா? மறுமாதம்? ஏழு வருஷத்தில் ஒரு நாள்? அப்போது எனக்காக வராதவன் இப்போது யாருக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்கிறாய்?

எல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். நீதான் தெரியவைத்தாய்.

காது வலி வந்தால் டாக்டரிடம் போ, சொட்டு மருந்தோடு விட்டுவிடாதே.

அக்கா


ஜூலை 1

அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை. மன்னித்துவிடு.

நீ எழுதியது சரி. நான் வரவில்லை. பயம். அவரிடம் பயம், உன்னிடமும் பயம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குவாரி ரோட்டை நீ எழுதியதைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக வேண்டும் அவருக்கு என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் டம்ளரோடு நான் பின்சீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. பத்து நிமிஷம்தான் இருந்தேன். நல்ல முதுகோடு இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் இருந்தது. போதும் என்றேன், அவன் நிறுத்திவிட்டான்.

நிறுத்திவிடு அக்கா. அவர் உனக்குச் செய்ததை நான் மறக்கச் சொல்லவில்லை. அவரைக் காப்பகத்தில் விடு, தலைமுழுகிவிட்டு என்னிடம் வந்துவிடு, மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. ஆனால் இதை நிறுத்து. இது அவரை மட்டுமா அழிக்கிறது?

பதினைந்தாம் தேதி வருகிறேன். மெத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீல வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். அதுவரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே வண்டி இருக்கும், படுக்கவைத்து அழைத்துப் போவார்கள், அதில் அனுப்பு. நீ கேட்கவில்லை என்றால் நானே டாக்டரைப் பார்த்துப் பேசுவேன்.

உன் தம்பி


ஜூலை 9

மாப்பிள்ளை,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. உன் ஷோரூம் விலாசம் எனக்கு முன்னால் இருக்கிற சீட்டுப் பையில், வண்டிப் புத்தகத்தில் இருந்தது.

நலம், நலமறிய ஆவல். முதலில் இதைத்தான் எழுதப் பழக்கினார்கள். நூறு தடவை எழுதினேன்.

உன் கடிதத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். முழுதும். வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பி உட்கார்ந்து வாசித்தாள்.

நீ வராதே. வண்டியை எடுத்துப் போகாதே.

வீட்டில் அவள் என் அறைக்கு வருவதில்லை. ஓர் ஆள் வைத்திருக்கிறாள். அவன் ஊட்டுகிறான், துடைக்கிறான், ரேடியோவைப் போட்டுவிட்டுத் தூங்குகிறான். சமையலறையில் அவள் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

காரில் மட்டும்தான் என்னோடு இருக்கிறாள். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். வலி உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. சில நாள் கண் இருட்டிவிடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறாள். இருபது வருஷத்தில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் பார்க்கவிட்டதில்லை.

ஆஸ்பத்திரி வண்டியில் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாய். அனுப்பிவிடுவாள். அப்புறம் எனக்கு ஒன்றும் இல்லை.

அவள் நன்றாக ஓட்டுகிறாள். கிளட்சில் கால் வைக்கிற பக்குவம் எனக்கே கிடையாது. இதை அவளிடம் நீ சொல்லாதே. தலைக்கு ஏறிவிடும்.

இந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆயிற்று. பயிற்சிக்கார அம்மா தபாலில் போடுகிறேன் என்றாள். உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

மாமா


ஜூலை 26

சின்னவனுக்கு,

எப்படி இருக்கிறாய்? பதினைந்தாம் தேதி உனக்கும் சேர்த்துச் சமைத்தேன். மூன்று மணிவரை வாசல் கதவைத் தாழ் போடவில்லை. நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் கோபம் இல்லை.

பயிற்சிக்கார அம்மா அந்தக் கடிதத்தை என்னிடம்தான் கொடுத்தாள். "உங்க வீட்டுக்காரர் உங்க தம்பிக்கு எழுதியிருக்கார்ம்மா, எவ்வளவு முன்னேற்றம் பாருங்க. வழியில தபால்ல சேர்த்துடுங்க" என்றாள். உறையை ஒட்டக்கூட இல்லை. சேர்ப்பதற்கு முன்னால் காரில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு தடவை. அவர் பின்னால்தான் இருந்தார். நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தபால் பெட்டியில் போட்டேன்.

நீ எழுதியபடியே செய்துவிட்டேன். பதினாறாம் தேதியிலிருந்து ஆஸ்பத்திரி வண்டி வீட்டுக்கே வருகிறது. கட்டிலோடு ஏற்றுகிறார்கள். ஒரு குலுக்கல் கிடையாது. ஜன்னலில் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது, வெயில் படாது. சுற்றுச்சாலையில்தான் போகிறது. டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே அம்மா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறார்களாம்.

முதல் நாள் ஏற்றும்போது இடது கையால் நம் காரின் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்கு இப்போது நல்ல பலம் வந்திருக்கிறது. ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். வண்டிக்காரன், "பயப்படுறாரு போல, நீங்களும் கூட ஏறிக்கங்கம்மா" என்றான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

நான் இப்போது தனியாகத்தான் ஓட்டுகிறேன். நேற்று சலவை நிலையத்துக்கு எட்டு மூட்டை எடுத்துப் போக வேண்டியிருந்தது. பின்சீட்டை மடக்கிவிட்டால் உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறது. இதை உன் கடிதங்களில் ஒரு வரிகூட எழுதவில்லையே.

மழை தொடங்கப் போகிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா